மெல்லிய குரல் உடையவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேச வாயெடுத்தால் இரண்டு முறை "என்ன?" என்று கேட்கப்பட்டு, மூன்றாவது முறை "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று தாமே பேச்சை முடித்துக்கொள்கிறவர்களுக்காக இந்தக் கேள்வி-பதில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதுகிற எனக்கும் அப்படிப்பட்ட குரல்தான். குரலைப் பெரிதாக்கும் பயிற்சிகள் சில இதில் உண்டு என்றாலும், இருக்கிற குரலை எந்த நேரத்தில், யாரை நோக்கி, வாக்கியத்தின் எந்த இடத்தில் செலவழிப்பது என்பதைப் பற்றியே அதிகம் சொல்லியிருக்கிறேன்.

என் குரல் உண்மையிலேயே மெல்லியதா, அல்லது கேட்பவர்கள்தான் கவனிப்பதில்லையா?

இந்த இரண்டையும் பிரித்து அறியாமல் எந்த வழியில் இறங்கினாலும் உழைப்பு வீணாகும். காதில் விழாத பேச்சுக்கு மருந்து ஒன்று. காதில் போட்டுக்கொள்ளாத பேச்சுக்கு மருந்து வேறு.

முதலில் குரலை அளந்துகொள்ளலாம். நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமல்லாமல் மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் நம் உட்செவியை அடைகிறது. அதனால் நம் குரல் பிறருக்குக் கேட்பதைவிட நமக்கு நிறைவாகக் கேட்கிறது. பதிவு செய்த குரலைக் கேட்டு "இதுவா நான்?" என்று திடுக்கிடுவதற்கும் இதுவே காரணம். எனவே சொந்தக் காதை நம்ப வேண்டாம். கைப்பேசியில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்றைத் திறந்து, ஒரு மீட்டர் தள்ளி மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி பேசக்கூடிய நண்பர் ஒருவரும் நீங்களும் ஒரே பத்தியை மாறி மாறிப் படித்துப் பாருங்கள். அமைதியான அறையில் இயல்பான உரையாடல் அந்தத் தொலைவில் ஏறக்குறைய 60 டெசிபெல் இருக்கும். கிசுகிசுப்பு 30 டெசிபெல்லை ஒட்டி நிற்கும். செயலி காட்டும் எண் துல்லியமாக இருக்காது என்றாலும், இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காட்ட அது போதும்.

அடுத்து, கேட்பவரைக் கவனியுங்கள். குரல் எட்டாதபோது மனிதர்கள் தலையைச் சாய்ப்பார்கள், புருவத்தைச் சுருக்குவார்கள், உங்கள் உதடுகளைப் பார்ப்பார்கள். கவனிக்க விருப்பமில்லாதபோது இவற்றில் எதுவும் நடக்காது. கண் கைப்பேசியிலோ அடுத்தவர் முகத்திலோ இருக்கும். இன்னொரு சோதனையும் உண்டு. நீங்கள் சொன்ன கருத்தைப் பத்து நிமிடம் கழித்து வேறொருவர் தம்முடையதாகச் சொல்கிறார் என்றால், உங்கள் குரல் அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கிறது.

சத்தமாகப் பேசப் பழகிக்கொண்டால் போதாதா? எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள்?

சொல்கிறவர்களுக்கு அது எளிது. இரைச்சலான இடத்தில் மனிதர்கள் தம்மையறியாமலே குரலை உயர்த்துவதை எத்தியென் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911ஆம் ஆண்டில் விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கல்யாணப் பந்தியில் ஒருவர் குரலை உயர்த்த, பக்கத்து இலைக்காரரும் உயர்த்த, கடைசியில் மண்டபம் முழுவதும் கத்திக்கொண்டிருப்பது இதனால்தான். அந்த ஏலத்தில் மெல்லிய குரலுடையவர் முதல் சுற்றிலேயே தோற்றுவிடுகிறார். தொண்டையை இறுக்கிப் போட்டியிட்டால் மறுநாள் குரல் கம்மிப்போவதுதான் மிச்சம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பேச்சின் ஓசை பெரும்பாலும் உயிரொலிகளில் இருக்கிறது. எந்தச் சொல் என்று பிரித்தறிய உதவுவதோ பெரும்பாலும் மெய்யொலிகள். கத்தும்போது உயிரொலிகள் பெருகும் அளவுக்கு மெய்யொலிகள் பெருகுவதில்லை. அதனால் "ஏதோ கத்துகிறார், என்னவென்று புரியவில்லை" என்ற நிலைதான் உண்டாகும். குறைந்த குரலிலும் க, ச, ட, த, ப ஆகியவற்றை அழுத்தமாக உச்சரித்து, வேகத்தைச் சற்றுக் குறைத்துப் பேசுகிறவர், அவசரமாக உரக்கப் பேசுகிறவரைவிடத் தெளிவாகக் கேட்கப்படுவார்.

இதற்காகக் குரலை வளர்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மெல்லப் பேசுகிறவர்களில் பலர் நெஞ்சில் பாதி மூச்சை வைத்துக்கொண்டு பேசத் தொடங்குகிறார்கள், வாயையும் முழுமையாகத் திறப்பதில்லை. தாடையைத் தளர்த்தி வாயை நன்றாகத் திறந்தாலே, தொண்டைக்குக் கூடுதல் வேலை தராமல் குரல் சற்றுப் பெருகிவிடும். பேசும் முன் வயிறு மெல்ல விரியும்படி மூச்சை உள்ளிழுத்து, மூச்சு வெளியேறத் தொடங்கும்போதே முதல் சொல்லைத் தொடங்கப் பழகுங்கள். குரல் சிகிச்சையாளர்கள் கற்றுத்தரும் எளிய பயிற்சி ஒன்று உண்டு: பாதித் தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவின் நுனியை அமிழ்த்தி, "ஊ" என்று நீட்டி ஒலித்தபடி குமிழி விட வேண்டும். உள்ளிருந்து வரும் காற்றைத் தண்ணீர் சற்றே எதிர்ப்பதால் குரல்நாண்கள் அடித்துக்கொள்ளாமல் இலகுவாக அதிரப் பழகும். வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

தொடங்கும்போது சரியாகத்தான் பேசுகிறேன். வாக்கியம் முடிவதற்குள் குரல் தேய்ந்துவிடுகிறது. இதனால் என்ன கெட்டுவிடும்?

தமிழில் பேசுகிறவருக்கு நிறையக் கெடும். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. நடந்ததா, நடக்கப்போகிறதா, யார் செய்தது, செய்வதா இல்லையா என்ற முடிவுகள் எல்லாம் அந்தக் கடைசி இரண்டு மூன்று அசைகளில்தான் இருக்கின்றன. மூச்சு தீர்ந்து குரல் இறங்குவதும் சரியாக அதே இடத்தில். "இந்த வெள்ளிக்கிழமைக்குள் கணக்கை முடித்துத் தர முடியாது" என்று நீங்கள் சொல்ல, மேலாளரின் காதில் "முடி" வரைக்கும் விழுகிறது. மீதியை அவர் தம் விருப்பப்படி நிரப்பிக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை மாலை வந்து கேட்கும்போது, "அன்றைக்கே சொன்னேனே" என்று நீங்களும், "சொன்னதாக நினைவில்லையே" என்று அவரும் நிற்பீர்கள். இருவரும் பொய் சொல்லவில்லை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வினையை முன்னே கொண்டுவந்துவிடுவது. எழுத்தில் அது சற்று விநோதமாகத் தோன்றினாலும் பேச்சுத் தமிழ் அதற்குத் தாராளமாக இடம் தருகிறது: "முடியாது சார், இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள." "வேண்டாங்க, ரெண்டாவது பை." குரல் வலுவாக இருக்கும் முதல் நொடியிலேயே முடிவு போய்ச் சேர்ந்துவிடுகிறது, தேய்ந்துபோகும் பகுதியில் விவரம் மட்டுமே மிஞ்சுகிறது. இன்னொன்று, நீண்ட வாக்கியத்தின் வினைக்கு முன்னால் ஒரு சிறு மூச்சு எடுத்துக்கொள்வது. அந்த இடைவெளியை யாரும் தடுமாற்றமாக எண்ணமாட்டார்கள். அழுத்தம் கொடுப்பதாகவே எண்ணுவார்கள். எனக்குத் தெரிந்தவரை மெல்லிய குரலுக்கு இதைவிட விரைவாகப் பலன் தரும் பழக்கம் வேறில்லை. சொல்லிக்கொடுக்க யாரும் தேவையில்லை என்பது கூடுதல் வசதி.

கடையிலும் பேருந்திலும் நான் கேட்பது யார் காதிலும் விழுவதில்லை. பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கடைக்காரருக்கு உங்கள்மீது எந்த விரோதமும் இல்லை. ஒரே நேரத்தில் ஐந்து பேர் கேட்கும்போது யாருடைய பேச்சின் தொடக்கம் அவரைத் திரும்பவைக்கிறதோ அவருக்கே பொருள் கிடைக்கிறது. மெல்லிய குரலுடையவர்கள் பெரும்பாலும் விஷயத்திலிருந்தே தொடங்குகிறார்கள்: "கால் கிலோ துவரம்பருப்பு." அது எட்டுவதில்லை. முதலில் ஆளைக் கூப்பிட வேண்டும், அவர் முகம் திரும்பும்வரை பொறுத்திருக்க வேண்டும், அதன் பிறகே பருப்பைச் சொல்ல வேண்டும். "அண்ணே", "அக்கா" என்ற விளிகள் இதற்காகவே அமைந்தவை போல இருக்கின்றன. அ, ஆ போன்ற திறந்த உயிர்கள் வாய் அகலத் திறப்பதால் இயல்பாகவே அதிக ஓசையுடன் வருகின்றன. "ணே" என்பதை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். உங்களிடம் உள்ள குரலில் பாதியை அந்த ஒரு சொல்லுக்குச் செலவிடுங்கள். முகம் திரும்பிய பிறகு மீதிப் பாதி போதும்.

குரலே தேவைப்படாத வழிகளையும் குறைவாக எண்ண வேண்டாம். ரூபாய் நோட்டைக் கல்லாப் பலகையின்மேல் வைத்து விரலால் பிடித்துக்கொண்டு நிற்பவரை எந்தக் கடைக்காரரும் நெடுநேரம் காத்திருக்கவைப்பதில்லை. மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கடையில் சாம்பார் வாளியோடு வரிசையில் நடந்துவருகிறவரைப் பாருங்கள்: அவர் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை, இலையைத்தான் பார்க்கிறார். சோற்றின் நடுவில் குழி பறித்து வைத்திருந்தால் ஊற்றுகிறார். இலையின்மேல் உள்ளங்கை விரிந்திருந்தால் தாண்டிப் போகிறார். அந்த இரைச்சலில் உரத்த குரலுடையவர்களும் கையால்தான் பேசுகிறார்கள்.

பேருந்தில், இறங்கும் இடத்தில் கத்துவதைவிடச் சீட்டு வாங்கும்போதே நடத்துநரிடம் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி, "வந்ததும் சொல்லுங்க" என்று கேட்டுவைத்து, முந்தைய நிறுத்தத்திலேயே எழுந்து படிக்கட்டின் அருகில் வந்து நிற்பது நல்லது. விசில் அவரிடம் இருக்கிறது.

அலுவலகக் கூட்டங்களில் பேசத் தொடங்கியதுமே யாராவது குறுக்கிட்டுவிடுகிறார்கள். என்ன செய்வது?

கூட்டத்திற்கு முன், கூட்டத்தில், கூட்டத்திற்குப் பின் என்று மூன்று வாய்ப்புகள் இருக்கின்றன. நாம் நடுவில் உள்ளதை மட்டுமே பிடித்துத் தொங்குகிறோம்.

சொல்ல வேண்டியது முக்கியமானதாக இருந்தால், முந்தைய நாளே கூட்டத்தை நடத்துபவருக்கு மூன்று நான்கு வரிகளில் எழுதி அனுப்பிவிட்டு, "நாளை இதைப் பற்றி இரண்டு நிமிடம் பேச விரும்புகிறேன்" என்று சேர்த்துவிடுங்கள். நேரம் வரும்போது அவரே உங்கள் பெயரைச் சொல்லி அழைக்க நேரிடும்; உங்களுக்கு முன்பாக அறையை அமைதிப்படுத்தும் வேலையை அவர் குரல் செய்துவிடும். உட்காரும் இடத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள். கூச்சம் உள்ளவர்கள் கதவோரத்தையும் மேசையின் கோடியையும் தேடிப் போகிறோம். திறந்த வெளியில் தொலைவு இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். சுவர்கள் உள்ள அறையில் இழப்பு அவ்வளவு இராது என்றாலும், மேசையின் கோடியில் உட்காரும் மெல்லிய குரலுக்கு அது தாங்காத இழப்புதான். நீண்ட மேசையின் நடுவில், கூட்டத்தை நடத்துபவர் முகம் பார்க்கும் இடத்தில் உட்காருங்கள்.

பேச விரும்பும்போது முதலில் உடம்பு அசையட்டும். சாய்ந்திருந்தவர் முன்னே நகர்ந்து, ஒரு கையை மேசையின்மேல் வைத்தால், இரண்டு மூன்று தலைகளாவது திரும்பும். பிறகு பெயரையோ விளியையோ சொல்லி, எதைப் பற்றி என்பதையும் சேர்த்து வைத்துவிடுங்கள்: "சார், சரக்குக் கட்டணத்தில் ஒன்று." கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்திற்குள் சிறிய கேள்வியையாவது கேட்டுவிடுவது நல்லது, நேரம் ஏற ஏற முதல் சொல் கனமாகிக்கொண்டே போகும்.

குறுக்கிட்டால் நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவது நம்மில் பெரும்பாலோருடைய வழக்கம். ஒவ்வொரு முறையும் தொடக்கமே வெட்டுப்படுகிறது; விஷயம் வெளியே வருவதே இல்லை. குரலை உயர்த்தாமல், அதே வாக்கியத்தை அதே வேகத்தில் முடித்துவிடுங்கள். குறுக்கிட்டவர் இரண்டு மூன்று சொற்களுக்குப் பிறகு பெரும்பாலும் நிறுத்திவிடுவார், ஏனென்றால் இருவர் ஒரே நேரத்தில் பேசுவது அவருக்கும் சங்கடம்தான். நிறுத்தவில்லை என்றால், அவர் முடித்ததும், "நான் பாதியில் நிறுத்தியதை முடித்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்காமல் தொடருங்கள். "சும்மா ஒரு சின்ன விஷயம்", "தப்பா எடுத்துக்காதீங்க" போன்ற முன்னுரைகள் நம் குறைந்த மூச்சைத் தின்றுவிடுகின்றன.

கூட்டம் முடிந்த பிறகு, பேசி முடிவானவற்றை எழுதி எல்லோருக்கும் அனுப்பும் வேலையை யாரும் விரும்புவதில்லை. அதை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் உரக்கப் பேசியவர் என்ன பேசினார் என்பதை மறுவாரம் தீர்மானிப்பது அந்தக் குறிப்புதான்.

நான் சொன்னபோது ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அதையே இன்னொருவர் உரக்கச் சொன்னதும் பாராட்டு அவருக்குப் போய்விட்டது.

இதற்கு அமெரிக்க வெள்ளை மாளிகையில் பணியாற்றிய பெண்கள் கண்ட வழி 2016ஆம் ஆண்டில் செய்திகளில் வெளியானது. ஒபாமாவின் ஆட்சித் தொடக்கத்தில் அவருடைய முதன்மை உதவியாளர்களில் பெரும்பாலோர் ஆண்களாக இருந்தனர். கூட்டங்களில் தங்கள் பேச்சு எடுபடவில்லை என்பதை உணர்ந்த பெண்கள் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். ஒரு பெண் முக்கியமான கருத்தைச் சொன்னால், மற்றொருவர் உடனே, அதைச் சொன்னவரின் பெயரோடு, திரும்பச் சொல்வார். கருத்து இரண்டு முறை ஒலிப்பதோடு, அது யாருடையது என்பதும் அறையில் பதிந்துவிடும்.

2011ஆம் ஆண்டு நியூயார்க்கின் சுக்கோட்டி பூங்காவில், பெரும் நிதி நிறுவனங்களின் இடமான வால் ஸ்ட்ரீட்டுக்கு எதிராகத் திரண்டவர்கள் இதையே பெருந்திரளாகச் செய்தார்கள். ஒலிபெருக்கி வைக்க அனுமதி இல்லாததால், பேசுபவர் சில சொற்களைச் சொல்லி நிறுத்த, அருகிலிருந்தவர்கள் அவற்றை ஒருசேரத் திரும்பச் சொன்னார்கள். கூட்டம் பெரிதாக இருந்தபோது பின்வரிசை மீண்டும் சொன்னது. மிக மெல்லிய குரலுக்கும் அங்கே கடைசி ஆள்வரை போய்ச்சேர வழி இருந்தது. பேசுபவர் சுருக்கமாகப் பேசியே ஆகவேண்டிய கட்டாயமும் அதிலேயே அமைந்திருந்தது. அது நம் மேடைகளுக்கும் வந்தால் தேவலை.

நம் அலுவலகத்தில் ஒரே ஒரு தோழமை போதும். "நான் சொல்லும்போது நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லும்போது நான் சொல்கிறேன்" என்று வெளிப்படையாகவே பேசிவைத்துக்கொள்ளலாம். அப்படி யாரும் இல்லாதபோது, கருத்தை எடுத்துக்கொண்டவரிடமே, "நான் தொடங்கியதை நீங்கள் நன்றாக விரித்துவிட்டீர்கள், அதில் இன்னொன்றும் இருக்கிறது" என்று சொல்லி நூலைத் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். சண்டை இல்லாமல் கணக்கு நேராகிவிடும்.

"மெல்லப் பேசு, மற்றவர்கள் தாமாகவே அமைதியாகிக் கேட்பார்கள்" என்கிறார்களே, அது உண்மையா?

தலைமையாசிரியருக்கும் நிறுவனத்தின் முதலாளிக்கும் உண்மை. மற்றவர்களுக்கு அல்ல.

பெண் என்பதால் சிறுவயதிலிருந்தே "அடக்கமாகப் பேசு" என்று வளர்க்கப்பட்டேன். இப்போது "வாயைத் திறந்து சத்தமாகச் சொல்" என்கிறார்கள்.

இருபது ஆண்டுகள் ஒரு வீட்டார் தாழ்த்திவைத்த குரலை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் உயர்த்தும்படி கேட்பது நியாயமில்லை. அதற்காக நீங்கள் வெட்கப்படவும் தேவையில்லை. உரக்கப் பேசும் ஆணுக்குத் துணிச்சல்காரர் என்ற பெயரும், அதே அளவு உரக்கப் பேசும் பெண்ணுக்கு வாயாடி என்ற பெயரும் கிடைப்பது இன்னும் மாறவில்லை என்பதையும் மறைத்துப் பேசிப் பயனில்லை. ஆகவே குரலை மட்டும் நம்பியிராமல், காகிதத்தையும் பயன்படுத்துங்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கூடுகிறது. அங்கே பந்தலின் முன்வரிசையில் உட்காருகிறவர்களின் குரல்தான் ஓங்கும். குடிநீர்க் குழாயைப் பற்றியோ தெருவிளக்கைப் பற்றியோ சொல்ல நினைப்பவர், தெருவில் உள்ள நான்கைந்து பேரின் கையெழுத்தோடு எழுதி எடுத்துச்சென்று தலைவரின் கையில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றும்படி கேட்கலாம். ஏற்றியதை வாசிக்கச் சொல்லியும் கேட்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனுதான் பேசுகிறது. மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதை நீட்டினால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிராது.

தொலைபேசியிலும் காணொளிக் கூட்டத்திலும் "உங்கள் குரல் கேட்கவில்லை" என்றே சொல்கிறார்கள்.

இங்கே பழி பெரும்பாலும் கருவியின்மீதே விழ வேண்டும். காணொளிச் செயலிகளில் பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். மின்விசிறி ஓசையோடு சேர்த்து மெல்லிய குரலின் ஓரங்களையும், குறிப்பாகத் தேய்ந்துபோகும் கடைசி அசைகளையும் அது வெட்டிவிடக்கூடும். ஒலி அமைப்புகளுக்குள் சென்று அந்த வசதியைக் குறைந்த அளவுக்கு மாற்றி, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசிப் பாருங்கள். மடிக்கணினியில் உள்ள மைக்கை நம்பாமல், வாயருகே வரும் மைக் உள்ள கம்பி இயர்போனைப் பயன்படுத்துங்கள். 40 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் மைக்கை 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால், குரலைத் துளியும் உயர்த்தாமலே 12 டெசிபெல் வரை கிடைக்கும். இவ்வளவு மலிவான குரல் வளம் வேறெங்கும் கிடைக்காது.

மேடையில் மைக் கொடுத்தும் என் குரல் கேட்கவில்லை என்கிறார்கள். அது எப்படி?

மைக்கை நெஞ்சருகே பிடித்திருப்பீர்கள். கூச்சம் உள்ளவர்கள் எல்லோரும் அப்படித்தான் பிடிக்கிறோம். மைக் முகத்தை மறைத்துவிடுமோ, மூச்சொலி கேட்டுவிடுமோ என்ற தயக்கம். கையில் பிடிக்கும் மைக்கின் தலைக்கும் வாய்க்கும் இடையில் மூன்று நான்கு விரல் அளவு இடைவெளி இருந்தால் போதும். தாடையை ஒட்டினாற்போல, சற்றுச் சாய்த்துப் பிடித்தால் "ப" ஒலிக்கும்போது வரும் வெடிப்பும் குறையும். தலையைத் திருப்பினால் கையும் கூடவே திரும்ப வேண்டும். ஒலிபெருக்கிக்காரர் உங்களுக்கு முன்பு பேசிய உரத்த குரலுக்கு ஏற்ப அளவை வைத்திருப்பார். நிகழ்ச்சி தொடங்குமுன் அவரிடம் போய், "அண்ணா, என் குரல் சின்னது, நான் பேசும்போது கொஞ்சம் ஏற்றிவிடுங்கள்" என்று சொல்லிவைத்தால் மகிழ்ச்சியாகச் செய்வார். அவரிடம் வந்து பேசுகிறவர்கள் குறைவு.

கல்யாண மண்டபம் போன்ற, சுவரும் தரையும் வழுவழுவென்று இருக்கும் இடங்களில் ஒலி எதிரொலித்து ஒன்றன்மேல் ஒன்று விழும். அங்கே அளவை ஏற்றினால் குழப்பம்தான் கூடும். வேகத்தைக் குறைத்து, வாக்கியங்களுக்கு இடையில் சற்று நிறுத்திப் பேச வேண்டும்.

நான் ஆசிரியை. மாலைக்குள் தொண்டை போய்விடுகிறது.

இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கியும் தலையில் மாட்டும் மைக்கும் ஒரு செட்டாகவே கடைகளில் கிடைக்கின்றன. வாங்கத் தயங்காதீர்கள். சுற்றுலா வழிகாட்டிகள் அதை மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் பேசுகிறார்கள். அவர்களை யாரும் குறைவாக எண்ணுவதில்லை. மைக் ஒலிபெருக்கிக்கு மிக அருகில் போனால் "கூ" என்று ஊளையிடும், அவ்வளவுதான். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்: முதுகைக் காட்டிப் பேசும்போது குரலில் பாதி பலகைக்குத்தான் போகிறது. தொண்டை கம்மும் நாளில் கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வாகாது. அழுத்தமான கிசுகிசுப்பு தொண்டைத் தசைகளை மேலும் இறுக்கக்கூடும். பேசாமலிருப்பதும் தண்ணீர் குடிப்பதும்தான் ஓய்வு.

வீட்டில் தாத்தாவுக்கு மற்ற எல்லோர் பேச்சும் கேட்கிறது. என் பேச்சு மட்டும் கேட்கவில்லை.

வயதால் வரும் செவித்திறன் குறைவு பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில்தான் தொடங்குகிறது. அப்பாவின் தடித்த குரல் அவருக்குக் கேட்கும். பேத்தியின் மெல்லிய குரலில் உள்ள மெய்யொலிகள் தவறிப்போகும். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி எதிரே உட்கார்ந்து, சற்றுத் தாழ்ந்த தொனியில், மெதுவாகப் பேசுங்கள். ஒரு சொல் புரியவில்லை என்றால் அதையே நான்கு முறை சொல்லாமல் வேறு சொல்லால் சொல்லுங்கள். செவித்திறன் பரிசோதனைக்கும் ஒருமுறை அழைத்துப் போங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

பிறந்ததிலிருந்தே மெல்லியதாக இருக்கும் குரல் நோயன்று. நன்றாக இருந்த குரல் மெலிந்தாலோ கரகரத்தாலோ, மூன்று வாரத்திற்கு மேலும் சரியாகவில்லை என்றால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைக் காட்டிவிட வேண்டும். புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் இதில் நாள் கடத்தவே கூடாது. குரல்நாணில் முடிச்சு, தைராய்டு அறுவைக்குப் பின் குரல்நாண் நரம்பில் ஏற்படும் பாதிப்பு, முதுமையில் குரல்நாண் மெலிதல் எனக் காரணங்கள் பல.

பார்கின்சன் நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த நோய் உள்ளவர்களின் குரல் மெல்ல மெல்லத் தணிந்துகொண்டே போகும்; ஆனால் தாம் இயல்பாகத்தான் பேசுகிறோம் என்றே அவர்களுக்குத் தோன்றும், "உங்களுக்குத்தான் காது கேட்கவில்லை" என்று வீட்டாரிடம் சொல்வார்கள். அவர்களுக்கென்றே 1980களில் அமெரிக்காவில் லொரெய்ன் ராமிக் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய லீ சில்வர்மன் குரல் சிகிச்சை, வாரத்திற்கு நான்கு நாள் வீதம் நான்கு வாரங்களில் 16 அமர்வுகளாக நடக்கிறது. அதில் கற்றுத்தரும் இலக்கு ஒன்றே ஒன்று: உரக்கப் பேசுவது. மற்றவர்களுக்குப் போதாத அந்த அறிவுரை, தம் குரலின் அளவைத் தாமே உணர முடியாதவர்களுக்குப் பொருத்தமாக அமைகிறது. பேச்சு சிகிச்சையாளரைத் தேடுகிறவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரிக்கலாம்; மைசூருவில் உள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனமும் இதே துறைக்கானது.

என் மகள் வகுப்பில் பேசுவது கேட்பதே இல்லை என்று ஆசிரியர் சொல்கிறார். அதட்டிப் பேசவைக்கலாமா?

வேண்டாம். அவளுக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்வதையும் நிறுத்துங்கள். உறவினர் பெயர் கேட்டால் ஐந்து நொடி காத்திருந்தால் அவளே சொல்லிவிடுவாள். வீட்டில் கலகலப்பாகப் பேசிவிட்டுப் பள்ளியில் மட்டும் ஒரு சொல்லும் பேசாமல் இருப்பது, சேர்ந்த முதல் மாதத்தைத் தாண்டியும் தொடர்ந்தால், அது பிடிவாதம் அல்ல. பதற்றத்தால் வரும் நிலை, குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

எல்லாவற்றுக்கும் முன்னதாக அவள் காதைப் பரிசோதித்துவிடுங்கள். நடுச்செவியில் நீர் கோத்திருக்கும் குழந்தைக்கு வெளி ஒலிகள் மங்கலாகவும், எலும்பின் வழியே வரும் சொந்தக் குரல் பெரிதாகவும் கேட்கும். தான் போதுமான அளவு சத்தமாகப் பேசுவதாக எண்ணி அவள் குரலைத் தணித்துக்கொள்வாள். சளியும் காதுவலியும் அடிக்கடி வருகிற குழந்தையாக இருந்தால் இதற்கான வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் சிகிச்சையால் சரியாகிவிடக் கூடியதும்கூட.